கால் தூக்கும் நாயும் வீட்டார் விடும் தவறுகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் மாலை வேளையில் மரைன் டிரைவ் பக்கமாக நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு, 'நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை' என்ற பழமொழி எங்கிருந்து பிறந்தது என்று விளக்கத் தேவையில்லை. மின்கம்பம், ஓட்டோ ரயர், மதில் மூலை என்று ஒவ்வொன்றையும் மோந்து, காலைத் தூக்கி, நாலு சொட்டு விட்டு, அடுத்த இடத்துக்கு நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். பழமொழியில் பாதிதான் சரி. அந்த நாய் வேலையில்தான் இருக்கிறது. தனக்கு முன் அவ்விடத்தால் போனது ஆணா பெண்ணா, பெண்ணாயின் வேட்கைக் காலத்தில் இருக்கிறதா, ஏற்கனவே பழகிய நாயா புதிய நாயா என்பனவற்றை அது மூத்திர வாடையிலிருந்து அறிந்துகொள்கிறது. மூக்கு மட்டுமன்றி, மேல்வாயில் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் திறக்கும் தனியான உணர் உறுப்பொன்றும் இதற்கு உதவுகிறது. அறிந்த பின் தன் வாடையையும் அங்கே வைத்துவிட்டுப் போகிறது. இதைத்தான் அடையாளமிடுதல் என்கிறோம்.

தெருவில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இதே காரியம் செற்றியின் காலிலும், குளிர்சாதனப் பெட்டியின் மூலையிலும், சாமியறைக் கதவிலும் நடக்கும்போதுதான் வீடு இரண்டுபடுகிறது. வைரவரின் வாகனம் என்று வாஞ்சையோடு வளர்த்தவர்களே 'இனி இதை வைத்திருக்க ஏலாது' என்று சொல்லும் நிலை வருகிறது. அந்த நாட்களில் வீட்டார் பதற்றத்தில் செய்யும் காரியங்களே பெரும்பாலும் பழக்கத்தை நிலைக்க வைக்கின்றன என்பதை, எங்கள் வீட்டு ரொமியால் பட்ட பாட்டிலிருந்து நான் அறிந்தேன்.

முதலாவது தவறு, அடையாளமிடுவதையும் மூத்திரம் கழிப்பதையும் ஒன்றாக எண்ணுவது. இரண்டையும் பிரித்தறிய அளவையும் இடத்தையும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அடையாளமிடும் நாய் சிறிதளவே விடும். சுவர், கதிரைக்கால், திரைச்சீலை போன்ற நிமிர்ந்து நிற்கும் பொருள்களைத் தேடும். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். வெளியே நடந்து வயிறாற மூத்திரம் போய்விட்டு வந்த பத்தாவது நிமிடத்திலும் அதைச் செய்யும். கழிப்பிடப் பழக்கம் சரியாக வராத நாய், அல்லது தொடர்மாடி வீட்டில் காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்து அடக்க முடியாமற்போன நாய், தரையில் குளமாகவே விட்டுவிடும். வீட்டுக்காரரைக் கண்டதும் உடலைத் தாழ்த்திக் காதைப் பின்னால் மடித்துச் சில சொட்டு விடும் குட்டி இவை இரண்டிலும் சேராது. அது பயத்தாலோ மிகையான மகிழ்ச்சியாலோ நிகழ்வது, அதட்டினால் கூடிவிடும். படுத்திருந்த பாயில் ஈரம் இருக்குமானால், அது நாய் அறியாமலே கசிவது; கருத்தடை செய்யப்பட்ட, வயது போன பெண் நாய்களில் இது காணப்படுகிறது.

ஆண் நாய் மட்டுமே அடையாளமிடும் என்பதும் தவறான நம்பிக்கையே. பருவமடைந்த ஆண் நாய்களில் இது அதிகம் என்பது உண்மை. ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் காலைத் தூக்கத் தொடங்குவதோடு பழக்கமும் தொடங்கும். ஆனால் பெண் நாய்களும், குறிப்பாக வேட்கைக் காலத்தை ஒட்டிய நாட்களில், இடத்துக்கு இடம் சிறிது சிறிதாக விடுவதுண்டு.

இரண்டாவது தவறு ஆபத்தானது: நோயைக் குறும்பு என்று நினைப்பது. இவ்வளவு நாளும் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் விடத் தொடங்கினால், முதலில் போக வேண்டிய இடம் மிருக வைத்தியரிடம்தான். சிறுநீர்ப்பைத் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், நீரிழிவு, சிறுநீரக நோய் என எதுவும் காரணமாக இருக்கலாம். வழக்கத்தை விட அதிகம் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி முயன்றும் கொஞ்சமாகவே போவது, இரத்தம் கலந்து வருவது ஆகியவை தெளிவான அறிகுறிகள். ஆண் நாய் திரும்பத் திரும்ப முக்கியும் ஒரு சொட்டும் வராவிட்டால் அது பாதை அடைபட்ட நிலையாக இருக்கலாம். மறுநாள் காலை வரை பொறுக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும். சோதனைக்குக் காலையில் முதலாவதாகப் போகும் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் பிடித்து, சுணங்காமல் கொடுப்பது நல்லது. பின்னால் இருந்து ஒரு நீளக் கரண்டியை நீட்டிப் பிடிக்கும் கலையை அக்கம்பக்கத்தார் பாராத நேரத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

பலர் வீட்டில் இன்றும் நடக்கும் அடுத்த தவறு தண்டனை. ஈரத்தைக் கண்டதும் நாயை இழுத்துவந்து மூக்கைத் தரையில் தேய்ப்பதும், தும்புத்தடியால் ஒன்று போடுவதும், 'என்னைப் பழிவாங்கத்தான் செய்கிறது' என்ற எண்ணத்தில் நிகழ்கின்றன. ஒரு மணித்தியாலத்துக்கு முன் தான் செய்ததையும் இப்போது விழும் அடியையும் நாயால் தொடுத்துப் பார்க்க முடியாது. தலையைக் குனிந்து பார்வையைத் திருப்புவதைக் கண்டு 'பிழை செய்தது தெரிகிறதே' என்கிறோம். உண்மையில் அது நம் குரலுக்கும் முகத்துக்கும் அஞ்சுகிறது. அஞ்சும் நாய் நம் கண்முன் விடுவதை நிறுத்திக் கட்டிலுக்குப் பின்னால் விடப் பழகும், அவ்வளவே. இதனோடு சேர்ந்ததுதான் 'வீட்டில் யார் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்' என்ற பேச்சு. ஓநாய்க் கூட்டத்துத் தலைவன் என்ற கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க விலங்கியலாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பமே என்று 1999இல் எழுதி, அக்கருத்தைத் தாமே திருத்தினார். நம்மவர் வாயில் பழைய பாடமே இன்னும் நிற்கிறது. நாய் காலைத் தூக்கும் அந்தக் கணத்தில் கையைத் தட்டியோ பெயரைக் கூப்பிட்டோ கவனத்தைத் திருப்பி, வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கே விட்டதும் ஒரு துண்டு இறைச்சியோடு பாராட்டுவது போதும்.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதிகம் சறுக்கியது இங்கேதான். ரொமி சாப்பாட்டு மேசைக் காலில் விட்ட முதல் நாள், கிருமி எல்லாம் சாகட்டும் என்று ப்ளீச்சை அப்படியே ஊற்றினேன். கண் எரிந்து, இருமல் வந்து, யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே ஓட வேண்டியதாயிற்று. பழைய மூத்திரத்தில் உண்டாகும் அமோனியாவும் ப்ளீச்சும் சேரும்போது குளோரமின் என்னும் நச்சுவாயு வெளிப்படும் என்பதை அதன் பின்னரே படித்தேன். காற்றோட்டம் குறைந்த தொடர்மாடிக் குளியலறையில் இதைச் செய்வது இன்னும் மோசமானது. அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களும் உதவா. அவற்றின் வாடை மூத்திர வாடையை ஒத்திருப்பதால், வேறொரு நாய் வந்து போனது போன்ற எண்ணத்தைத் தந்து, அதே இடத்தில் மேலும் விடத் தூண்டக்கூடும்.

மஞ்சள் தண்ணீர் தெளிப்பது, சாம்பிராணி போடுவது, வாசனைத் திரவம் அடிப்பது எல்லாம் நம் மூக்குக்குச் செய்யும் சமாதானங்கள். நாயின் மூக்கு அவற்றின் அடியில் இருக்கும் பழைய வாடையை எளிதில் பிரித்தெடுத்துவிடும். செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் நொதியம் கலந்த துப்புரவுத் திரவங்களே இதற்கு ஏற்றவை. அவை வாடைக்குக் காரணமான யூரியாவையும் புரதங்களையும் சிதைக்கின்றன. இதிலும் இரண்டு இடத்தில் தவறு நேர்கிறது. ஏற்கனவே போட்ட சவர்க்காரமோ கிருமிநாசினியோ தங்கியிருந்தால் நொதியம் வேலை செய்யாமற் போகலாம் என்பதால், முதலில் வெறுந்தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். அடுத்ததாக, ஊற்றிய கையோடு துடைத்துவிடாமல், போத்தலில் குறிப்பிட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட வேண்டும். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை மெழுகு தேய்ந்த இடங்களில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓடு பதித்த தரையிலும் ஓடுகளுக்கு இடைப்பட்ட சாந்து உறிஞ்சும். இங்கெல்லாம் ஒரு தடவையோடு வாடை போகாது. கொழும்பின் ஈரக்காற்றில் செற்றி மெத்தை உள்ளே காயவும் நாட்செல்லும். வெயில் உள்ள நாளாகப் பார்த்து அந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே விட்டிருக்கிறது என்று தேடும்போது கண்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காப்பகத்து ஆண் நாய்களைப் படம்பிடித்து அளந்தபோது, உருவத்தில் சிறியவை காலைக் கூடுதலான கோணத்துக்கு உயர்த்துவது தெரியவந்தது. தன் உருவத்தை மிகைப்படுத்திக் காட்டும் முயற்சியாக அது இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். பொமரேனியன் வளர்க்கும் வீட்டில் கறை ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும் என்று நம்பினால் மேலே உள்ளது தப்பிவிடும். அறையை இருட்டாக்கிப் புறஊதா டோர்ச் ஒன்றால் பார்த்தால் பழைய கறைகளும் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

கருத்தடையைப் பற்றிய தவறு இரண்டு திசையிலும் உண்டு. 'ஆண் நாயை அப்படிச் செய்வது பாவம்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒரு பக்கம். சத்திரசிகிச்சை முடிந்து வந்த அன்றே எல்லாம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்து, நிற்காதபோது மிருக வைத்தியரை ஏசுகிறவர்கள் மறுபக்கம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 1997இல் வெளியிட்ட, 57 ஆண் நாய்களைப் பற்றிய ஆய்வில், வீட்டுக்குள் அடையாளமிடுதல் குறைந்தபட்சம் 60 சதவீதமான நாய்களில் பாதியளவோ அதற்கு மேலோ தணிந்தது. ஏறத்தாழ முற்றாக நின்றது 25 முதல் 40 சதவீதமான நாய்களில் மட்டுமே. நாயின் வயதோ, பழக்கம் எவ்வளவு காலமாக இருந்தது என்பதோ விளைவை மாற்றவில்லை என்பது அதில் கவனிக்கத்தக்கது. ஆகவே 'வயது போய்விட்டது, இனிச் செய்து பயனில்லை' என்ற வாதமும் நிற்காது. சில நாய்களில் மாற்றம் தெரியச் சில மாதங்களும் ஆகலாம். பெரிய இன நாய்களுக்கு எந்த வயதில் செய்வது என்பதில் மூட்டு வளர்ச்சியையும் கணக்கில் எடுக்க வேண்டியிருப்பதால், அந்த முடிவை வைத்தியரோடு பேசியே எடுக்க வேண்டும்.

நாய்க்குள்ளேயே காரணத்தைத் தேடி, வெளியே பார்க்க மறப்பது இன்னொரு தவறு. கொழும்பில் பல ஒழுங்கைகளில் கட்டாக்காலி நாய்கள் உண்டு. அவை இரவில் வந்து நம் கேற்றில் விட்டுப் போகின்றன. உள்ளே இருக்கும் நாய் காலையில் அதை மோந்து, பதிலை முன்கதவிலும் விறாந்தைத் தூணிலும் எழுதுகிறது. கேற்றின் வெளிப்புறத்தை நாள்தோறும் கழுவிவிடுவதும், தெருவைப் பார்த்த யன்னலின் கீழ்ப்பாதியை மறைப்பதும் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளுக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தன. வீட்டுக்குள் புதிதாக வரும் எதுவும் தூண்டுதல்தான்: புதிய அலுமாரி, குழந்தையின் தொட்டில், விருந்தாளியின் கைப்பை. வெடிச்சத்தம் கேட்கும் சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி நாட்களில் கலங்கிப்போகும் நாய்களும் அடையாளமிடுவதைக் கூட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட நாய்க்குக் காரணமான அச்சத்தைத் தணிக்க வேண்டும். அவசியமானால் புளுவொக்செற்றின் போன்ற மருந்தை வைத்தியர் எழுதித் தருவார். மனிதருக்கான குளிசையைப் பாமசியில் வாங்கி நாமாகக் கொடுப்பது கூடாது.

இன்னும் மூன்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரமும் குறையும் என்று பாத்திரத்தை எடுத்து வைப்பது, இந்த வெக்கையில் நாயை வதைப்பதாகும். அடையாளமிடச் சில சொட்டுகளே போதுமாதலால் அதனால் பயனும் இல்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டி செற்றியைக் காக்கும். பழக்கத்தை மாற்றாது, நனைந்தபடி விட்டால் தோலும் புண்ணாகும். மூன்று நாள் நன்றாக இருந்ததும் வீடு முழுவதையும் நாய்க்குத் திறந்துவிடுவது அவசரம். சில வாரங்களுக்கு அது நம் கண்பார்வையிலோ, இடுப்பில் கட்டிய வாரிலோ, ஒரே அறையிலோ இருப்பது நல்லது.

வெளியே நடக்கும்போது அடையாளமிடுவதை அடியோடு தடுக்க வேண்டியதில்லை; அது நாயின் இயல்பு. அயலார் கேற், நிறுத்தியிருக்கும் வாகனத்தின் ரயர், பிள்ளைகள் விளையாடும் மணல் ஆகியவற்றைத் தவிர்த்து, இரண்டொரு இடங்களை நாமே தெரிந்து அங்கே நிற்கவிடலாம். கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தால் அயலாரோடு வரும் சண்டைகளில் பாதி தீரும். மழைக்காலத்தில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி நாயைத் தொற்றினால் அதன் சிறுநீரோடும் வெளியேறும். எனவே ஆண்டுதோறும் அதற்கான தடுப்பூசியைப் போடுவதும், தேங்கிய வெள்ளத்தில் நாயை இறக்காமல் இருப்பதும், சுத்தம் செய்யும்போது கையுறை அணிவதும் வீட்டாருக்கே பாதுகாப்பு.

ரொமிக்கு இப்போது ஏழு வயது. மேசைக் காலையும் சாமியறைக் கதவையும் அது விட்டு நான்கு வருடமாகிறது. ரொறன்ரோவிலிருந்து சித்தி வரும் நாட்களில் மட்டும், அவர் வீட்டு நாய் உரசி அனுப்பிய பெட்டிகளை வாசலிலிருந்து நேரே அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறோம்.