மலையூரில் நெட்வொர்க் சுவிட்ச் எச்சரிக்கை காட்டினால்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகளான நெட்வொர்க் சுவிட்சுகளைப் பராமரிக்கும் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்தக் குளிரில் சுவிட்ச் எப்படிங்க சூடாகும்?" என்பதுதான். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு; விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது வெளியேற்றும் வெப்பம் குறைந்துவிடும். பல தயாரிப்பாளர்கள் உயரம் கூடக்கூட அனுமதிக்கும் வெப்பநிலையைக் குறைத்துக் குறிப்பிடுவது இதனால்தான்.

முதலில், சுவிட்சின் முகப்பில் எச்சரிக்கையாக எரியும் ஆரஞ்சு விளக்கைக் கண்டவுடன் சுவிட்சை அணைத்துப் போடாதீர்கள். பல சுவிட்சுகளில், நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவுகள் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், அணைத்தால் தடயமும் அழிந்துவிடும். சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்ச் எனில், அதோடு இணைத்த கணினியில் 'ஷோ லாக்கிங்' (show logging) என்ற கட்டளையைக் கொடுத்து, வரும் வரிகளைப் படியெடுத்து வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். எண் சிறியதானால் சிக்கல் பெரியது, 4 என்பது எச்சரிக்கை. (தேதி 1993 என்று காட்டினால் திகைக்க வேண்டாம், பழைய சிஸ்கோ சுவிட்சுகள் நேரம் அமைக்கப்படாதபோது அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணத் தொடங்கும்.)

அடுத்து, 'ஷோ என்விரான்மென்ட் ஆல்' (show environment all) கொடுத்தால், அந்தக் கட்டளையை ஏற்கும் மாடல்களில் வெப்பநிலை, விசிறி, பவர் சப்ளை ஆகியவற்றின் நிலை தெரியும். வெப்பநிலை கூடியிருந்தால் சுவிட்ச் இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் தேயிலைத் தூசிதான் காற்றுத் துளைகளை அடைத்திருக்கும். குளிருக்காகக் கதவையும் சன்னலையும் இறுக மூடி வைக்கும் பழக்கம் மீதியைச் செய்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, விசிறி இறக்கைகள் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, ஈரமற்ற காற்றால் தூசியை ஊதி எடுங்கள். விசிறியையே மாற்ற நேர்ந்தால், புதியது காற்றைத் தள்ளும் திசை பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று பழுது என்று வந்தால், அதன் மின்கம்பியையும் யூபிஎஸ் இணைப்பையும் முதலில் சோதியுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போய்வந்த மறுநாள் இந்த எச்சரிக்கை வருவது இங்கே வழக்கம். பவர் சப்ளை உண்மையிலேயே கெட்டிருப்பது குறைவே. கேபிள் செருகும் போர்ட் ஒன்றில் சிஆர்சி பிழைகள் (தரவு வழியில் சிதைந்ததைக் காட்டுபவை) ஏறினால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மாற்றுச் சுவிட்சைக் குளிர்ந்த கிடங்கிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால், உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் வைத்திருங்கள். உடனே பிரித்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பது ஆபத்து. எல்லாம் முடிந்தபின் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் இயந்திரம் ஓடும் நேரத்தில் ஒருமுறையும், ஓடாத நேரத்தில் ஒருமுறையும் வெப்பநிலையைப் பார்த்து, தேதியோடு அலமாரிக் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.