தூண்டிலில் பிடித்த கடல் மீன் கெடாமல் சட்டிக்கு வர: ரத்தம், ஐஸ், குடல்

காலையில் பிடித்து மதியம் சமைத்த மீன்தான். ஆனாலும் சதை கொழகொழ, வாயில் வைத்தால் ஒரு வாடை. இப்படிப் புலம்புகிறவர்கள் பெரும்பாலும் மசாலாவைத்தான் குறை சொல்வார்கள். தூண்டில் முள்ளிலிருந்து கழற்றிய பிறகு அந்த மீன் எங்கே, எவ்வளவு நேரம் கிடந்தது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

நரம்பு கட்டுவது, ஈயம் கோப்பது, இரை போடுவது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் படி: கிளம்புவதற்கு முந்தைய இரவு

ஐஸ் பெட்டியை இரவே குளிரவைத்துவிடுங்கள். வெயிலில் கிடந்த பெட்டியில் காலையில் ஐஸைக் கொட்டினால், பெட்டியின் சூட்டைத் தணிக்கவே அதில் கொஞ்சம் கரைந்துபோகும். தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து இரவு உள்ளே அடுக்கினாலே போதும். காலையில் தூள் ஐஸ் நிரப்பிக்கொள்ளலாம். வெப்பமான இடங்களில் மீன் எடைக்கு எடை ஐஸ் என்பது பொதுக் கணக்கு.

கூடவே கயிறு கட்டிய ஒரு வாளி, மூக்குக் குறடு, சின்னக் கூர்க்கத்தி, ஒரு ஸ்பூன். மீன் அறுக்கவென்றே விற்கும் நீள வளைகத்தியை முதலிலேயே வாங்க வேண்டாம். படகு ஆடும்போது நீளக் கத்தி தொல்லைதான். கையடக்கமான கத்தி, அதுவும் நன்றாகத் தீட்டியது, அது போதும்.

இரண்டாம் படி: கொன்று, ரத்தம் வடிப்பது

எந்த மீன், எந்த அளவுக்கு மேல் பிடிக்கலாம் என்பதற்கு அந்தந்தக் கடற்கரையில் விதி இருக்கும். அளவு குறைந்ததை ஈரக் கையால் பிடித்துத் திரும்ப விட்டுவிடுங்கள். வைத்துக்கொள்வது என்று முடிவானால் தாமதிக்கக் கூடாது.

கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேல்பக்கமாகத் தலையில் ஓங்கி ஒரு தட்டு. மீன் துடிப்பது அடங்கும். ஜப்பானியர்கள் இதே இடத்தில் கூரான கம்பியை மூளைக்குள் இறக்கிக் கொல்வார்கள். அதற்கு இக்கெஜிமே என்று பெயர். துள்ளித் துள்ளிச் சாகும் மீனின் சதையில் அமிலம் ஏறி அது சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால்தான் இந்த அவசரம்.

அடுத்து செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சீப்புப் பல் வரிசையாகச் சிவந்த செவுள் தெரியும். அது தொண்டையோடு சேரும் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டி, கடல்நீர் வாளியில் தலைகீழாக விடுங்கள். தண்ணீர் ரத்தச் சிவப்பாகும். ஐந்து, பத்து நிமிடத்தில் வடிந்துவிடும். வாளியிலேயே மறந்துவிடாதீர்கள், அந்தத் தண்ணீரும் சூடுதான்.

மூன்றாம் படி: ஐஸ், ஆனால் வெறும் ஐஸ் அல்ல

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐஸ் மேல் மீனை வைத்து மூடினால் குளிர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள்: ஐஸில் பட்ட பக்கம் சில்லென்று இருக்கும், மறுபக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் இருப்பது காற்று. காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும்.

இரண்டு பங்கு தூள் ஐஸ், ஒரு பங்கு கடல்நீர். கலக்கினால் கூழ் பதத்துக்கு வரும். அதில் மீனை முழுக்க முக்கிவிடுங்கள். உப்பு இருப்பதால் இந்தக் கலவை சுழியம் டிகிரிக்கும் சற்றுக் கீழே போகும், மீனின் எல்லாப் பக்கமும் தண்ணீர் தொடும். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். அவ்வளவு குளிராது, சதையும் நீர் கோத்துக்கொள்ளும்.

சூரை பிடிப்பவர்களுக்கு இது உயிர்நாடி. சூரையின் உடல் சுற்றியுள்ள கடல்நீரைவிடச் சூடு. தூண்டிலோடு போராடினால் இன்னும் சூடேறும். சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம், மத்தி ஆகியவை வெயிலில் கிடந்தால் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். சாப்பிட்டதும் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடிப்பு. ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மீன் நடுச்சதை வரை குளிர்ந்ததும் கூழிலிருந்து எடுத்து, தண்ணீரை வடித்துவிட்டு, ஐஸ் மேல் மாற்றுங்கள். நாள் முழுக்க ஊறினால் கண் வெளுத்துவிடும், உப்பும் ஏறும்.

நான்காம் படி: குடல்

ஆசனத் துளையிலிருந்து தொண்டை வரை, கத்தி நுனி மட்டும் இறங்கும்படி கீறுங்கள். ஆழமாகப் போனால் பித்தப்பை உடையும், பச்சையாக வழிந்து பட்ட இடமெல்லாம் கசக்கும். குடலை எடுத்ததும் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றறையின் மேற்புறம், முதுகெலும்பை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதைக் கீறினால் அடியில் உறைந்த ரத்தம் போலக் கருஞ்சிவப்பாக மீனின் சிறுநீரகம் இருக்கும். ஸ்பூன் முனையால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டி எடுங்கள். கவிச்சையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

முள் நீக்கிச் சதையாக அறுக்கிறவர்கள், மீன் செத்து விறைத்திருக்கும்போது கை வைக்க வேண்டாம். சதை கிழிந்து பிரியும். விறைப்பு விடும் வரை ஐஸிலேயே இருக்கட்டும்.

பின்னர் சேர்த்தது

வாளியில் உயிரோடு வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். சின்ன வாளியில் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும், மீன் திணறித்தான் சாகும். ரத்தமும் உள்ளேயே தங்கிவிடும்.

நன்றாகப் பொரித்தால் ஹிஸ்டமின் போகாதா என்பது இன்னொரு கேள்வி. போகாது, உறையவைத்தாலும் போகாது. பவளப் பாறைப் பகுதியில் பிடித்த பெரிய சீலா, களவா ஆகியவற்றில் சில சமயம் சேரும் சிகுவாடெரா நஞ்சும் அப்படித்தான். அங்கே பெரிய மீனை எடுக்கும் முன் உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேத்தை மீன் சிக்கினால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பச்சையாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு: குடலில் இருக்கும் அனிசாகிஸ் புழு, மீன் செத்த பிறகு சதைக்குள் நகரக்கூடியது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைந்தால்தான் சாகும். வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிரை எட்டுகிறதா என்று ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டவில்லை என்றால் சமைத்தே சாப்பிடுங்கள்.