மாந்தளிரில் மெதைல் குறி தேடுவது எப்படி?

கறுத்தக்கொழும்பான் என்ற மா இனத்தில் ஒரே தாய்மரத்தின் இரண்டு ஒட்டுக்கன்றுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ச் செம்மண்ணில் நிற்கிறது. மற்றது வேலணையில் உவர்க்கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்கிறது. டி.என்.ஏ. எழுத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த எழுத்தின் மேல் ஏறிய குறிகள் ஒன்றா என்பதே என் கேள்வி. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைற்றோசினில் மெதைல் என்ற சிறு வேதிக் கூட்டம் ஒட்டினால் அருகிலுள்ள மரபணு அடங்கிப்போகலாம்.

1992இல் வந்த பைசல்பைற்று முறை மெதைல் இல்லாத சைற்றோசினை யுராசிலாக மாற்றிக் காட்டுகிறது. நல்ல முறைதான், ஆனால் டி.என்.ஏ.யைத் துண்டு துண்டாக்கிவிடும். ஆகவே நான் எடுப்பது டி.என்.ஏ.யை நேரடியாக வாசிக்கும் நுண்துளைக் கருவி. அதில் இழை ஒரு புரதத் துளை வழியே நொடிக்குச் சுமார் 400 காரங்கள் (எழுத்துகள்) வீதம் நகர்கிறது. மெதைல் ஏறிய காரம் வரும்போது மின்னோட்டம் சற்றே மாறும். அந்த மாற்றத்தைத்தான் படிக்கிறோம்.

வேலையின் பாதி இலையிலேயே முடிகிறது. கன்றை இரண்டு நாள் இருட்டில் வைத்தால் மாப்பொருள் குறையும். பிறகு இளந்தளிரைப் பறியுங்கள். மாவிலையை அரைத்தால் சாறு பழுப்பேறும், பிசினும் சேரும். ஆகவே டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் சி.ரி.ஏ.பி. கரைசலோடு, பழுப்பேறுவதைத் தடுக்கும் பி.வி.பி.யும் மெர்காப்டோஎத்தனோலும் சேர்க்க மறக்காதீர்கள். தூய்மையைப் பார்க்க ஒளி உறிஞ்சலை அளக்கும்போது, 260/280 (நானோமீற்றர்) விகிதம் 1.8 அளவிலும், 260/230 விகிதம் 2க்குக் குறையாமலும் இருக்கட்டும். இரண்டாவது எண் குறைந்த மாதிரியை ஏற்றினால் துளைகள் அடைத்துக்கொள்ளும். துளைகள் பதித்த ஒரு கலத்தின் விலையை நினைத்தால், இன்னொரு முறை கழுவுவது ஒன்றும் பெரிய வேலையல்ல.

டி.என்.ஏ. போதவில்லை என்று பி.சி.ஆர். செய்து பெருக்காதீர்கள். அதில் வேலை செய்யும் நொதியம் எழுத்தை மட்டுமே படியெடுக்கும், மெதைல் குறி படிகளில் வராது. ஒரு மைக்ரோகிராம் தேறும்வரை இலை அரைப்பதே வழி. கலத்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வையுங்கள், உறையவிடாதீர்கள். ஓட்டம் மூன்று நாள் வரை நீளலாம். மாரிகால மின்வெட்டை நினைத்து, மின்கல வசதி இல்லாமல் நான் தொடங்குவதே இல்லை.

இனி என் முட்டாள்தனம். முதல் ஓட்டத்தில் வன்தட்டு நிரம்பிவிட்டது. எழுத்து வந்துவிட்டதுதானே என்று ஃபாஸ்ட்கியூ கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மின்சமிக்ஞை இருந்த பொட்5 கோப்புகளை அழித்துவிட்டேன். குறிகள் சமிக்ஞையில்தான் இருந்தன. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சமிக்ஞையை டொராடோ மென்பொருளில் வாசிக்கும்போது சமிக்ஞையை எழுத்தாகவும் குறியாகவும் மாற்றும் மாதிரியுருவின் தெரிவில் கவனம் வேண்டும். மனித டி.என்.ஏ.க்குப் பலர் எடுப்பது சைற்றோசினுக்கு அடுத்துக் குவானின் வரும் சி.ஜி. இணையை மட்டும் பார்க்கும் மாதிரியுரு. தாவரத்தில் சி.எச்.ஜி., சி.எச்.எச். அமைவுகளிலும் (எச். என்பது ஜி. அல்லாத எந்த எழுத்தும்) மெதைல் ஏறுகிறது. எனவே எல்லா அமைவுகளையும் பார்க்கும் மாதிரியுருவை எடுங்கள். வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினியில் இதைத் தொடங்கவே வேண்டாம். முடிவு, வாசித்த இழைகளைச் சேமிக்கும் பாம் கோப்பில், குறியின் இடத்தைச் சொல்லும் எம்.எம்., அதன் நம்பகத்தைச் சொல்லும் எம்.எல். என்ற குறிச்சொற்களாக வரும். மாமர மரபணுத்தொகையோடு பொருத்துவதையும் டொராடோவிலேயே செய்துவிட்டால் அவை தொலையாது. அடுத்து மொட்கிட் என்ற மென்பொருள், ஒவ்வோர் இடத்திலும் எத்தனை இழைகளில் மெதைல் இருந்தது என்று எண்ணித் தரும். ஐந்தாறு இழைகளே விழுந்த இடத்துக்கு நான் விழுக்காடு சொல்வதில்லை.

அந்த எண்ணையும் உடனே நம்பிவிடாதீர்கள். இலையோடு கூடவே வரும் பச்சையவுருமணி டி.என்.ஏ.யில் மெதைல் மிகக் குறைவு. அங்கே உங்கள் கோப்பு மெதைலை அள்ளிக் காட்டினால், கருவி இல்லாததைச் சொல்கிறது என்று பொருள். மறுபக்கத்துக்கு, அதாவது இருக்கும் மெதைலைக் கருவி தவறவிடுகிறதா என்று பார்க்க, எம்.எஸ்.எஸ்.எஸ்.ஐ. நொதியத்தால் சி.ஜி. இடங்களெல்லாம் மெதைலேற்றிய டி.என்.ஏ.யைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் சரியென்றால் கோப்பாய்க்கும் வேலணைக்கும் போகலாம். இடத்துக்கு மூன்று கன்றாவது வேண்டும். தளிர்கள் ஒரே வயதில், ஒரே நேரத்தில் பறித்தவையாக இருக்கட்டும். காலையில் வேலணைத் தளிரும் மாலையில் கோப்பாய்த் தளிரும் பறித்தால், பிறகு தெரியும் வேறுபாடு மண்ணாலா வெயிலாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.