பல் கொட்டினால் முதலில் பிளேடைத் திட்டாதீர்கள்: பேண்ட்சாவில் நாம் செய்கிற தவறுகள்

"புது பிளேடு மாட்டி ரெண்டு நாள் ஆகலைங்க, அதுக்குள்ள பல் கொட்டிருச்சு, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்." மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைச் சொல்லிவிடுகிறார். கோவையில் கணபதி பக்கம் ராடு, பைப், பிளாக் என்று பேண்ட்சாவில் (வளையமான பல் பிளேடு சுற்றி ஓடி அறுக்கிற மிஷின்) இரும்பு வெட்டிக் கொடுக்கிற சின்னப் பட்டறை என்னுடையது. பம்ப் ஷாஃப்டுக்கு 410 ஸ்டெயின்லெஸ், ஈஎன்8 (மீடியம் கார்பன் ஸ்டீல்) என்று தினமும் வெட்டிக்கொண்டே இருப்போம். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை பிளேடு தானாகச் செத்தது குறைவு, நாம் கொன்றதுதான் அதிகம். அதிலும் பாதி, மாட்டிய முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த முதல் ஒரு மணி நேரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சாணை பிடித்து வந்த கத்தியை நேராக எலும்பில் போட்டால் என்ன ஆகும்? விளிம்பு உதிர்ந்துவிடும். புது பிளேடின் பல் நுனியும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக, கூராக இருக்கும். முழு ஃபீட் (பிளேடு பொருளுக்குள் இறங்குகிற வேகம்) கொடுத்து இறக்கினால் அந்த நுனி தேயாது, துணுக்குத் துணுக்காக உடையும். உடைந்த நுனியோடுதான் மீதி ஆயுள் முழுக்க அந்த பிளேடு ஓட வேண்டும். அதனால் புது பிளேடு மாட்டினால் ஸ்பீடை (பிளேடு ஓடுகிற வேகம்) வழக்கம்போலவே வைத்துக்கொண்டு ஃபீடை மட்டும் ஏறக்குறைய பாதியாகக் குறையுங்கள். 300 முதல் 600 சதுர செ.மீ. வெட்டும் வரை அப்படியே ஓட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கணக்குக்கு 100 மி.மீ. ரவுண்டு ஒரு வெட்டு என்றால் 78.5 சதுர செ.மீ., ஆக ஐந்தாறு வெட்டு பொறுமையாகப் போனால் போதும். "பார்ட்டி வெளியே நிக்கிறாரு" என்று ஆபரேட்டர் அவசரப்படுவார், அதுதான் பெரிய பிரச்சினை. நான் இப்போதெல்லாம் வண்டி வந்து நிற்கிற நேரத்தில் பிளேடு மாற்ற விடுவதே இல்லை.

அடுத்தது பல் எண்ணிக்கை. கடையில் போய் "27 பிளேடு ஒண்ணு குடுங்க" என்று அகலத்தை மட்டும் சொல்லி வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர். அகலம் மிஷினுக்குப் பொருந்த வேண்டியது, பல் நீங்கள் வெட்டுகிற பொருளுக்குப் பொருந்த வேண்டியது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதைத்தான் டிபிஐ என்கிறோம். 3/4, 4/6, 10/14 என்று இரண்டு எண் போட்டிருந்தால் பல் இடைவெளி மாறி மாறி வருகிறது என்று அர்த்தம், அதிர்வு குறையவே அப்படிச் செய்கிறார்கள். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது பொருளுக்குள் இருக்க வேண்டும். 100 மி.மீ. ராடு ஏறத்தாழ 4 அங்குலம், அதில் 3/4 பிளேடு போட்டால் நடுவில் 12 முதல் 16 பல் உள்ளே இருக்கும், அருமையாக வெட்டும். அதே பிளேடில் 3 மி.மீ. சுவர் கனமுள்ள பைப்பை வெட்டிப் பாருங்கள். பைப்பின் தலையில் நுழையும்போது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அங்கே அகலமாகப் பிடிப்பு கிடைக்கிறது. உள் ஓட்டைக்கு இறங்கியதும் இரண்டு பக்கமும் 3 மி.மீ. சுவர் மட்டும்தான் இருக்கும். அதன் கனம் இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள பள்ளத்தைவிடக் குறைவு. சுவர் அந்தப் பள்ளத்துக்குள் விழும், அடுத்த பல் வந்து அதன்மேல் மோதும், டக்டக்கென்று சத்தம் கேட்கும், பத்து நொடியில் பல் வரிசையாகப் போய்விடும். மெல்லிய பைப்புக்கு 10/14 வாங்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஃபீடையும் மெதுவாக வையுங்கள். தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு, பொடிப் பல் பிளேடை வைத்துக்கொண்டு 150 மி.மீ. ராடை வெட்டுவார்கள். அதில் பல்லுக்கு நடுவில் வெட்டுப்பட்டு வரும் இரும்புச் சுருள் தங்க இடமே இருக்காது, அடைத்துக்கொண்டு வெறுமனே உரசும், சூடாகும், வெட்டு கோணலாகப் போகும்.

இன்னொன்று, இதை நானே செய்து ஒரு பிளேடைத் தொலைத்திருக்கிறேன். 150 மி.மீ. ராடு பாதி வெட்டியிருந்தபோது பழைய பிளேடு அறுந்தது. புதுசை மாட்டி, பாதியில் நின்ற அதே பள்ளத்துக்குள் இறக்கினேன். இரண்டு அங்குலம் கூடப் போகவில்லை, ஒரு கீச்சென்ற சத்தம், அவ்வளவுதான். காரணம் எளிது. பல் இடமும் வலமும் லேசாக விரிந்திருக்கும், அதை செட் என்போம். பழைய பிளேடு தேயத் தேய அந்த விரிவும் குறையும், அது போட்ட பள்ளமும் குறுகலாகத்தான் இருக்கும். அதற்குள் முழு விரிவோடு புது பிளேடு போனால் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ராடைத் திருப்பி வைத்து வேறு இடத்தில் புது வெட்டாக ஆரம்பியுங்கள். பீஸ் ஒன்று வீணானாலும் பரவாயில்லை, பிளேடு மிஞ்சும்.

ஸ்பீடு, ஃபீடு பற்றி எல்லோரும் சார்ட் கேட்கிறார்கள். சார்ட் வேண்டும்தான். சாதாரண பை-மெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த) பிளேடுக்கு எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) என்றால் நிமிடத்துக்கு 60 முதல் 80 மீட்டர், 304 ஸ்டெயின்லெஸ் 30 முதல் 40, டி2 மாதிரி டூல் ஸ்டீல் 25 முதல் 35 என்று வைத்து ஆரம்பிக்கலாம். ஆனால் அதற்கு மேல் உண்மையைச் சொல்வது சுருள்தான். மிஷினை நிறுத்திவிட்டு அடியில் கிடப்பதை ஒரு கை அள்ளிப் பாருங்கள் (கையுறையோடு). பொடிப்பொடியாக மாவு மாதிரி இருந்தால் பல் வெட்டவில்லை, தேய்க்கிறது, ஃபீடைக் கூட்டுங்கள். தடித்து, நீலம் பாரித்து, தொட்டால் சுடுகிற மாதிரி இருந்தால் அதிகமாகத் திணிக்கிறீர்கள், குறையுங்கள். வெள்ளி நிறத்தில், தளர்வாகச் சுருண்டு, வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்காமல் விட்டுவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள்: "மெதுவாகப் போனால் பிளேடு நிற்கும்" என்று 304-ல் ஃபீடை ரொம்பக் குறைத்தால் நேர் எதிராக நடக்கும். பல் உரச உரச அந்த இடமே இறுகிக் கெட்டியாகும், அடுத்த பல் அந்தக் கெட்டியான தோலைத்தான் கடிக்க வேண்டி வரும். ஸ்பீடைக் குறையுங்கள், ஃபீடை விடாமல் கொடுங்கள்.

வெட்டும்போது ஊற்றுகிற கூலன்ட் (எண்ணெயும் தண்ணீரும் கலந்த குளிர்விப்புக் கலவை) விஷயத்தில் சோம்பல்தான் எதிரி. 10 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர் எண்ணெய் என்று கலந்து ஆரம்பிப்பார்கள், அப்புறம் தொட்டி குறையும்போதெல்லாம் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். சுருளோடு எண்ணெயும்தான் வெளியே போகிறது, அதனால் ஒரு மாதத்தில் பால் மாதிரி இருந்தது நீர்மோர் ஆகிவிடும். கலவையில் எண்ணெய் எவ்வளவு என்று காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், இரண்டு சொட்டில் தெரிந்துவிடும். கலக்கும்போது தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு எண்ணெயை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். மாற்றிச் செய்தால் திரிந்துபோகும். காஸ்ட் அயர்ன் மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கூலன்ட் போட வேண்டாம், அந்தத் தூளும் கூலன்டும் சேர்ந்து பசை மாதிரி ஆகி எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும்.

பல்லில் ஒட்டிய சுருளைத் தட்டிவிடுகிற வயர் பிரஷ் சின்ன சாமான், யாரும் கண்டுகொள்வதில்லை. அது தேய்ந்துபோனால் பல்லில் ஒட்டிய சுருள் ஒரு சுற்று சுற்றி மறுபடி வெட்டுக்குள்ளேயே போகும், அது பல்லை உடைக்கும். பல்லின் அடிப் பள்ளம் வரை படுகிற மாதிரி வையுங்கள், அதற்கு மேல் அழுத்த வேண்டாம். வெட்டுக்கு இரண்டு பக்கமும் பிளேடைத் தாங்கிப் பிடிக்கிற கைடு ஆர்மும் இதே கதைதான். நேற்று 200 மி.மீ. பிளாக் வெட்டியதற்காக விரித்து வைத்ததை இன்று 50 மி.மீ. ராடுக்கும் அப்படியே விட்டுவிடுவார்கள், நடுவில் பிளேடு ஆடும், வெட்டு சாயும், பழி டென்ஷன் (பிளேடை இழுத்து வைத்திருக்கிற இறுக்கம்) மேல் விழும். ஜாபுக்கு எவ்வளவு ஒட்டிக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவாருங்கள். டென்ஷனைக் கையால் சுண்டிப் பார்த்துச் சொல்கிற பழைய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைக்கு மரியாதை உண்டு, ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்ப்பதே நல்லது. ராத்திரி மிஷினை நிறுத்தும்போது டென்ஷனைத் தளர்த்திவிட்டுப் போங்கள்.

பிடிப்பு. பல ராடைக் கட்டாகப் போட்டு வெட்டும்போது ஒரே ஒரு ராடு சுழன்றால் போதும், பல் காலி. வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கிற தாடை) எல்லா ராடையும் பிடிக்காவிட்டால் வெட்டுக்குத் தள்ளி, மறுமுனையில் சின்னதாக டாக் வெல்டிங் போட்டு ஒன்றாக்கிவிடுங்கள். ஆங்கிளை (எல் வடிவ இரும்பு) கூரை மாதிரி, மூலை மேலே வரும்படி கவிழ்த்து வையுங்கள்.

சுருட்டிய பிளேடைப் பிரிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கட்டை அவிழ்த்த கணத்தில் அது பாம்பு மாதிரி துள்ளி விரியும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. மாட்டிய பிறகு பல் எதிர்த்திசையைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், பிளேடை வெளியே எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினால் சரியாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிளேடு அறுந்தால் கடைக்காரரிடம் போவதற்கு முன் அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெல்டிங் ஜாயிண்டிலேயே நேர்கோடாக விட்டிருந்தால் ஜாயிண்ட் சரியில்லை, தாராளமாகக் கேட்கலாம், நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார். விரிசல் பிளேடின் முதுகுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் பின் கைடைக் கழற்றிப் பாருங்கள், தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும், இல்லாவிட்டால் பிளேடு சுற்றி ஓடுகிற வீலின் விளிம்பில் பிளேடு உரசியிருக்கும். பல்லுக்கு அடியில் உள்ள பள்ளத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் டென்ஷன் அதிகமாக இருந்திருக்கலாம், ஃபீடு அதிகமாக இருந்திருக்கலாம், பக்க கைடு இறுக்கிப் பிடித்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் அடுத்த பிளேடை மாட்டாதீர்கள், அதுவும் அதே இடத்தில்தான் அறுபடும்.