பச்சை இகுவானாவுக்கு ஏற்ற கூண்டு

பாளையங்கோட்டை வீட்டில் என் இகுவானாவுக்குக் கூண்டு அடித்தபோது உயரத்தைத்தான் முதலில் பார்த்தேன். தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தில் வாழும் பெரிய பல்லி இனப் பிராணி அது. வளர்ந்தால் வாலோடு 5 அடியைத் தொடும். அதனால் கூண்டுக்கு 6 அடி உயரம், 6 அடி நீளம், 3 அடி அகலம் வேண்டும். தடித்த கொய்யாக் கிளை ஒன்றைச் சாய்வாகக் கட்டுங்கள். மேல்நுனியில் 35 டிகிரி வெப்பம், கீழ் மூலையில் 27. புற ஊதாக்கதிர் விளக்குக்கும் இகுவானாவுக்கும் நடுவே கண்ணாடி கூடவே கூடாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சுண்ணாம்புச்சத்து சேராமல் எலும்பு வளைந்துபோகும். ஆனி, ஆடிக் காற்றில் கூண்டின் ஈரம் வற்றிவிடுகிறது; தினமும் இருமுறை நீர் தெளிக்கிறேன். சித்திரை வெயிலில் வெப்பமானியைப் பார்க்காமல் சூட்டு விளக்கைப் போடாதீர்கள். இகுவானாவுக்குப் பதிலாக நம் ஊர் உடும்பைப் பிடித்து அடைத்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.