கடற்கரை மணலில் வாலி ஷாட் பழக்குவது எப்படி

1988 ஜூன் 25, மியூனிக். ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இடப்பக்கமிருந்து அர்னால்டு மூரன் உயரத் தூக்கிப் போட்ட பந்தை, கீழே விழவிடாமல் வலது ஓரத்திலிருந்து அடித்தார் மார்கோ வான் பாஸ்டன். சோவியத் கோல்கீப்பர் தசாயெவின் தலையைத் தாண்டி வலையில் விழுந்தது. நெதர்லாந்து 2-0. பந்தைத் தரையில் படவிடாமல் அடிப்பதுதான் வாலி. ஸ்ட்ரைக்கராக ஆசைப்படும் எந்தப் பிள்ளையும் கேட்பது அந்த அடியைத்தான். பாம்பன், தொண்டி, கீழக்கரை மணலிலேயே அதைப் பழக்கலாம்.

அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் களம். குதிகாலை அழுத்தினால் ஒரு விரற்கடைக்கு மேல் பதியக்கூடாது. காய்ந்த மணலில் ஊன்றுகால் புதைந்து உடம்பு தாழும். அடி பந்தின் அடிப்பாகத்தில் பட்டு, பந்து கம்பத்துக்கு மேலே பறக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணை) கரை, வாடையில் (வடகிழக்குக் காற்று) தென்கடல் (மன்னார் வளைகுடா) கரை. எதுவானாலும் காற்று கிளம்பும் முன், விடியற்காலையில். முதலில் எல்லோரும் வரிசையாக நடந்து கருவேல முள், உடைந்த சிப்பி, அறுந்த தூண்டில் எல்லாவற்றையும் பொறுக்குங்கள்.

வெறுங்காலுக்குக் கல் மாதிரி பந்து ஆகாது. 5-ஆம் எண் பந்துக்கு விதிப்படியான காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் (atm) வரை, குறைந்த பக்கமே வையுங்கள். 12 வயதுக்குக் கீழே 4-ஆம் எண் போதும்.

முதல் வாரம் யாரும் பந்தைத் தூக்கிப் போட வேண்டாம். பிள்ளையே இடுப்பு உயரத்தில் பிடித்து விட்டு, முழங்கால் மட்டத்துக்கு இறங்கும்போது அடிக்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் 20. அடுத்து 5 மீட்டரிலிருந்து கையால் எறிந்து, பிறகு 15 மீட்டர், கடைசியாகத்தான் ஓரத்திலிருந்து காலால் போடும் கிராஸ். வலது காலால் அடிப்பவருக்கு இடத்தோள் கோலைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் கீழ்நோக்கி, கணுக்கால் இறுகி, லேஸ் கட்டும் மேல்பாதம் பந்தின் நடுவில் பட வேண்டும். சரியாகப் பட்டால் 'டப்' என்று ஒரே சத்தம். விரலில் பட்டால் பந்து சுழன்று பக்கவாட்டில் ஓடும். நெஞ்சு பின்னால் சாய்ந்தால் மேலே போகும்; பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பது இந்தத் தப்புதான். வேகமாக அடிக்கச் சொல்லாதீர்கள். சத்தம் சரியானால் வேகம் தானே வரும்.

இனி கணுக்கால். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை மூன்று முறை வென்ற வான் பாஸ்டனின் ஆட்டத்தை முடித்தது கணுக்கால் காயம். கடைசிப் போட்டி 1993 மே 26, அதே மியூனிக் மைதானம். அப்போது வயது 28. மறுபடி களமிறங்காமலே 1995-இல் ஓய்வை அறிவித்தார். அதனால் அடிக்கும் பயிற்சிக்கு முன், தினமும் ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது மூன்று முறை, குதிகால் தூக்கி இறக்குவது 15 வீதம் மூன்று முறை. மணலில் முழு வேகப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

கால் பிசகினால் அன்றைக்கு ஆட்டம் அதோடு சரி. உருவி விடாதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். மீன் பெட்டி ஐஸை உடைத்துத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒற்றுங்கள். தோலில் நேராகப் படக்கூடாது. காலை உயர்த்தி வையுங்கள். நாலு எட்டு ஊன்றி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் மொழியின் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வீக்கம் வடிந்து, அந்த ஒற்றைக் காலில் பத்து முறை துள்ளியும் வலி இல்லாத நாளில் பந்தைக் கொடுங்கள்.