எந்த டைப் அரேயா இருந்தாலும் சார்ட் பண்ண ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி

சார்ட்டிங் லைப்ரரின்னதும் நிறைய பேர் நேரா குவிக்சார்ட் மாதிரி ஒரு சார்ட்டிங் அல்காரிதத்தை எழுத உக்காந்துடுறாங்க, ஜாவாஸ்கிரிப்ட்ல அது தேவையே இல்லங்க. உள்ளயே இருக்குற சார்ட் மெத்தட் போதும், க்ரோம்ல 2018லேருந்து டிம்சார்ட்ங்கற அல்காரிதம்தான் ஓடுது, 2019 ஸ்டாண்டர்ட்படி ஸ்டேபிளும் கூட, அதாவது சமமான ரெண்டு ஐட்டம் வந்தா அதுங்களோட பழைய வரிசை மாறாது. நாம எழுதவேண்டியது ஏ, பின்னு ரெண்டு ஐட்டத்தை வாங்கி எது முன்னாடி வரணும்னு சொல்ற ஒப்பிடுற ஃபங்ஷன் மட்டும்தான், டைப்புக்கு ஒண்ணு.

முதல்ல நம்பர். எதுவும் குடுக்காம சார்ட்னு கூப்பிட்டா எல்லாத்தையும் ஸ்ட்ரிங்கா மாத்திப் பாக்கும், அதனால 1, 9, 10, 100ங்கறது 1, 10, 100, 9னு வந்து நிக்கும். இதுக்கு எல்லாரும் சொல்றது ஏ மைனஸ் பி. சாதாரண நம்பருக்கு சரிதான், ஆனா பிக்இன்ட் (BigInt, ரொம்பப் பெரிய முழு எண்ணுக்கான டைப்) வந்தா எரர் அடிக்கும், இன்ஃபினிட்டி ரெண்டு இருந்தா கழிச்சா நேன் (NaN, 'நம்பரே இல்ல'ங்கற மதிப்பு) வரும். அதனால சின்னதுன்னா மைனஸ் ஒண்ணு, பெருசுன்னா ஒண்ணு, ரெண்டும் இல்லன்னா ஜீரோன்னு எழுதிடுங்க. தேதி ஆப்ஜெக்டுக்கும் இதே ஃபங்ஷன் அப்படியே ஓடும். ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் ரிட்டர்ன் பண்ணாதீங்க, 'சின்னது'ன்னு சொல்ல வழியே இல்லாம போயிடும்.

ஸ்ட்ரிங்தான் உண்மையான தலைவலி, அதுவும் தமிழ்ப் பேரு இருந்தா. யூனிகோட்ல 'ன' வந்து 'ந'வுக்கு அடுத்து உக்காந்திருக்கு, அகராதியிலயோ கடைசி எழுத்து. சும்மா சார்ட் பண்ணா பலாவுக்கு முன்னாடி பனை வரும், 'பக்கம்'ங்கற வார்த்தைக்கு முன்னாடி 'பகல்' வரும், ரெண்டுமே தப்பு. ஜாவாஸ்கிரிப்ட்லயே இருக்குற, மொழியோட அகர வரிசைப்படி ஒப்பிடுற இன்டல் டாட் கொலேட்டர்ல (Intl.Collator) மொழியா தமிழைக் குடுத்து, நியூமெரிக் ஆப்ஷனை ட்ரூ வைங்க, அப்போ 'வார்டு 10'க்கு முன்னாடி 'வார்டு 2' வந்துடும். கொலேட்டரை ஒரு தடவை மட்டும் உருவாக்கி வச்சுக்கோங்க, ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதுசா பண்ணா பெரிய அரேல இழுத்துக்கிட்டே கெடக்கும்.

இதுக்கு மேல ரெண்டு சின்ன ராப்பர், அதாவது ஒப்பிடுற ஃபங்ஷனைச் சுத்தி எழுதுற ஃபங்ஷன், போதும். ஒண்ணு, ஆப்ஜெக்ட்ல எந்த ஃபீல்டுன்னு எடுத்துக்குடுக்குறது. இன்னொண்ணு இறங்குவரிசை, இதுக்கு ஏ, பி ரெண்டையும் இடம் மாத்திக் கூப்பிட்டா போதும், அதை விட்டுட்டு சார்ட் பண்ணிட்டு ரிவர்ஸ் போட்டா சமமான ஐட்டங்களோட வரிசையும் சேர்ந்து தலைகீழாயிடும்.

காலி மதிப்புல உஷார். அரேல நேரடியா இருக்குற அன்டிஃபைன்டை (undefined, மதிப்பே குடுக்காதது) சார்ட் தானாவே கடைசிக்குத் தள்ளிடும், நம்ம ஃபங்ஷனைக் கேக்கவே கேக்காது, ஆனா நல் (null, காலின்னு நாமளே வச்சது), நேன், ஆப்ஜெக்ட்ல இல்லாத ஃபீல்டு இதெல்லாம் நம்ம பொறுப்பு. கடைசிக்குத் தள்ளுற அந்த செக்கை இறங்குவரிசை ராப்பருக்கு வெளிய வைங்க, உள்ள வச்சா காலியெல்லாம் முன்னாடி வந்து நிக்கும்.

சார்ட் ஒரிஜினல் அரேயவே மாத்திடும்ங்கறதால லைப்ரரி உள்ள காப்பியை சார்ட் பண்ணிக் குடுக்குற டூசார்ட்டட் (toSorted) மெத்தடை யூஸ் பண்ணுங்க, 2023 ஸ்டாண்டர்ட்ல வந்தது. பழைய பிரவுசரும் வேணும்னா ஸ்லைஸ் போட்டு காப்பி எடுத்துட்டு அதை சார்ட் பண்ணுங்க.